கறுப்புச் சுவிட்ச் முதலில்

மட்டக்களப்பு மாவட்டத்திலேயே நடுவில் ஆள் வைத்து எதையும் செய்யாத ஒரே மனிதன் 'நேரடி'தான். அவனுடைய சொந்தப் பெயர் அவன் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம். பஸ்ஸில் ஏறினால் காசைக் கொண்டக்டரிடம் கொடுக்க மாட்டான். சாரதியின் மடியில் போடுவான். கல்யாணத் தரகரைத் துரத்திவிட்டுத் தானே பெண் வீட்டுக்குப் போய், "உங்கட மகளைக் கட்டலாமெண்டு வந்தன்" என்று சொல்லி அடி வாங்கினான். பெண்ணும் கிடைத்தாள். சுனாமி நிவாரணம் வந்தபோது கமிட்டிக்காரர்களைத் தாண்டி லொறிக்குள் ஏறி மாவு மூட்டையைத் தூக்கினான். அதற்கும் அடி. கமிட்டிக்காரர்கள் கள்ளர்கள். அவன் செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்வேன்.

கல்லடியில் ரேடியோ, கெமரா திருத்தும் கடை வைத்திருந்தான். கடல் வந்து இரண்டாம் வருடம், அலையில் நனைந்து செத்த என் டிஜிட்டல் கெமராவை அவனிடம் கொண்டுபோனேன். அலை அம்மாவையும் கொண்டுபோனது, பட அல்பங்களையும் கொண்டுபோனது. அம்மாவின் மிஞ்சிய ஒரே படம் அந்தக் கெமராவுக்குள், கழற்ற முடியாத மெமரியில் கிடந்தது. முதல் திவசத்தைப் படமில்லாமல் வெறும் விளக்கு வைத்துத்தான் செய்தோம். பட்டணத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் குப்பையில் போடச் சொன்னார்கள்.

நேரடி திறந்து பார்த்தான்.

"மச்சான், மூளைச் சிப்பு உசிரோடதான் கிடக்கு. அதுக்குள்ளயே ஒரு ரெகுலேட்டர் வச்சிருக்கானுகள். வாற வோல்ட்டைக் குறைச்சு மூளைக்குக் குடுக்கிற தரகன். உப்புத்தண்ணியில செத்தது அவன்தான்."

"மறுகா?" பிறகு என்ன செய்வது என்று கேட்டேன்.

"மறுகா என்ன, தரகனை நிப்பாட்டிப்போட்டு நாம நேரடியாக் குடுப்பம்."

அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். வாழ்நாள் முழுக்க இந்தச் சிப்புக்காகவே காத்திருந்தவன் போல.

ஒரு வாரத்தில் கெமரா பிஸ்கட் டின்னுக்குள் குடிபோனது. சுற்றிவர டோர்ச் பற்றரிகள், கத்தை கத்தையாக வயர், இரண்டு சுவிட்ச். கறுப்பு முதலில், அது வெளிப் பாகங்களுக்கு. சிவப்பு பிறகு, அது மூளைக்கு ஒன்று தசம் எட்டு வோல்ட். மாற்றிப் போட்டால் சிப்பு கருகிவிடும். அம்மா இரண்டாம் தரமும் போய்விடுவார்.

படத்தைக் கடதாசியில் அடித்தெடுக்கப் பட்டணத்துக்குப் போக வேண்டும். பாலத்தடியில் சோதனைச்சாவடி. யுத்தம் திரும்பி வந்திருந்த நேரம், வயரும் பற்றரியும் நிறைந்த டின்னோடு அங்கே போன இரண்டு மடையர்கள் நாங்கள்தான்.

சிப்பாய் மூடியைத் திறந்தான். அவன் விரல் சிவப்புச் சுவிட்சுக்குப் போனது.

"தொடாதீங்க, அதை முதல்ல போட்டா எல்லாம் முடிஞ்சிரும்" என்று நேரடி கத்தினான்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் தரையில் படுத்தார்கள். ஒரு மீன்காரர் சைக்கிளோடு படுத்தார். நான்கு துவக்குகள் எங்களைப் பார்த்தன. கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் தூர நின்று கேட்டார்.

"உள்ள என்ன?"

நேரடி என்னைக் காட்டினான். "இவர்ட அம்மா."

அவனை அங்கேயே கொன்றிருப்பேன். கை இரண்டும் தலைக்கு மேல் இருந்ததால் முடியவில்லை.

"போட்டுக் காட்டு" என்றார் அதிகாரி.

நேரடி முழங்காலில் நின்றபடி கறுப்பைப் போட்டான். சிவப்பைப் போட்டான். சின்னத் திரையில் அம்மா வந்தார், அகப்பையை ஓங்கிக்கொண்டு, "எடுக்காதடா" என்ற முகத்தோடு.

அதிகாரி கிட்ட வந்து குனிந்து பார்த்தார். "அம்மா கோவம்" என்றார்.

"ஓம் சேர், எப்பவும் அப்பிடித்தான்" என்றேன்.

போகச் சொன்னார். மீன்காரர் மட்டும் எழும்பவில்லை. "முடிஞ்சுதா தம்பி?" என்று படுத்தபடியே கேட்டார்.

இரண்டாம் திவசத்தில் அகப்பை ஓங்கிய அம்மாவுக்கு மாலை போட்டோம்.

யுத்தமும் முடிந்தது. நேரடி ஒவ்வொரு திவசத்துக்கும் வருகிறான். வாசலில் நிற்கும் என்னோடு ஒரு வார்த்தை இல்லை. நேரே அம்மாவின் படத்துக்கு முன்னால் போய் நிற்பான், பிறகு நேரே குசினிக்குள் போய்ச் சட்டியைத் திறப்பான். திமிர் பிடித்தவன். நானும் அவனைக் கூப்பிடுவதில்லை. முதல் இலையை மட்டும் அவனுக்குப் போட்டு வைப்பேன்.