குறுக்கே பிள்ளை

மைசூர் சமஸ்தானத்தில் அந்தக் காலத்தில் யாராவது ஒரு கதையை முழுதாகச் சொல்லி முடித்திருந்தால், அந்த இடத்தில் குறுக்கே பிள்ளை இல்லை என்று அர்த்தம்.

சர்க்கார் ஆபீசில் அவருக்கு என் பக்கத்து மேஜை. தகப்பனார் காலத்தில் உத்தியோகத்துக்காகத் திருச்சியிலிருந்து வந்த குடும்பம். சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் காதில் விழும். யார் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் பாதியில் கையை நீட்டி, "குறுக்கே யாரு?" என்பார். கதைக்கு அவர் வைத்திருந்த இலக்கணம் அவ்வளவுதான். ஒருத்தன் வேண்டும், அவனுக்கு ஒன்று வேண்டும், அது கிடைக்காமல் குறுக்கே இன்னொருத்தன் நிற்க வேண்டும். மற்றதெல்லாம் தாளிப்பு.

ராமநவமிப் பந்தலில் ஒரு பாகவதர் ராஜகுமாரி ஒருத்தியை அரை மணி நேரம் வர்ணித்தார். பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் சரி ரீ, குறுக்கே யாரு?" என்று கன்னட மரியாதை வைத்தே கேட்டார்.

பாகவதர் ஜால்ராவைக் கீழே வைத்தார். "இப்போதைக்கு நீங்கதான், பிள்ளைவாள்."

ஒரு கல்யாண வீட்டில் சம்பந்தி, "பொண்ணைப் பார்த்தோம், பிடிச்சுது, முடிச்சுட்டோம்" என்று பெருமையாகச் சொன்னார். "யாருமே குறுக்கே வரலையா? அப்ப இதை வெளியே சொல்லாதீங்க" என்றார் பிள்ளை. சாப்பாட்டுக்குக் கூப்பிட எங்களிடம் யாரும் வரவில்லை.

லீவு வேண்டியவர்கள் மட்டும் அவரைத் தேடி வருவார்கள். ஒரு குமாஸ்தா, "அத்தை செத்துட்டாங்கன்னு சொல்லலாமா?" என்று கேட்டார்.

"அது வெறும் சேதி. கொள்ளி போட நீங்கதான் போகணும். பேச்சு வார்த்தை இல்லாத பெரியப்பா வாசல்லே நிக்கிறார். அப்படிச் சொல்லுங்க. பெரியப்பாவை ரொம்பக் கெட்டவராக்கிடாதீங்க. குறுக்கே நிக்கிறவனுக்கும் ஒரு நியாயம் இருக்கணும்."

லீவு கிடைத்தது. திரும்பி வந்தவரிடம் மேலதிகாரி முதலில் கேட்டது, "பெரியப்பா சமாதானம் ஆயிட்டாரா?"

பிளேக் வந்த வருஷம் ஆபீசில் சிரிப்பு நின்றது. எலி செத்து விழுந்த வீடுகளைப் பூட்டிவிட்டு, ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுக் குடியிருந்தோம். எங்கள் பியூன் மாரியப்பனின் மனைவியை நோயாளிகள் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் பிழைக்க மாட்டாள் என்று ஒரு நாள் காலையில் சேதி வந்தது. ஒரு தடவை முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர மாரியப்பன் வேறெதுவும் கேட்கவில்லை. முகாமுக்குள் யாரையும் விடக் கூடாது என்று உத்தரவு.

"வாடா" என்று பிள்ளை எழுந்தார். நானும் போனேன்.

வாசலில் காவல் இருந்தவன் கொள்ளேகால் பக்கத்துத் தமிழ் ஆள். எங்கள் தமிழைக் கேட்டதும் முகம் இளகியது. மூங்கில் தடுப்பு அசையவில்லை. மாரியப்பன் கும்பிட்டான், அழுதான்.

"என்ற வேலை போயிருமுங்க" என்றான் காவல்காரன்.

பிள்ளை ஆரம்பித்தார். "தம்பி, ஒரு கதை கேளு. ஒருத்தன். அவனுக்குப் பொஞ்சாதி முகத்தை ஒரு தடவை பார்க்கணும். குறுக்கே ஒரு காவக்காரன். அவனைக் கெட்டவன்னு சொல்ல மாட்டேன். இந்த நோவை வீட்டுக்குக் கொண்டு போயிடக் கூடாதேன்னு அவனுக்குப் பயம். வீட்டிலே அவனுக்கு ஒரு சின்னப் பொண்ணு..."

"இருந்துச்சுங்க" என்றான் காவல்காரன். "போன வெள்ளிக்கெழமை வரைக்கும் இருந்துச்சு."

பிள்ளையை ஒருவர் பாதியில் நிறுத்தி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அந்தப் பெண்ணை அவர் கற்பனையாகத்தான் சொன்னார். "எனக்குத் தெரியாதப்பா" என்றார். கதையைத் தொடரவில்லை.

காவல்காரன் எங்களைப் பார்க்காமல் மூங்கிலைத் தள்ளினான். "வெரசாப் போயிட்டு வரச் சொல்லுங்க. என்ற புள்ளைய நான் கடைசியாப் பாக்கலீங்க."

மாரியப்பன் வெளியே வந்தபோது, "கண்ணைத் திறந்தா, சாமி. என்னைத் தெரிஞ்சுது" என்றான். அதற்கு மேல் சொல்ல அவனால் முடியவில்லை. பிள்ளையும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் கூடப் பிறந்தவர்களே நாலடி தள்ளி நின்றுதான் பேசினார்கள். முகாமுக்குள் போய் வந்தவன் தோளில் பிள்ளை கையைப் போட்டு, தம்முடைய கொட்டகைக்கே அழைத்துப் போனார். பின்னால் வந்த நான், சாமுண்டி மலைப் பக்கம் திரும்பி, இந்த மனிதருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று கும்பிட்டுக்கொண்டே நடந்தேன்.