கம்பெனிப் பாட்டு

பதினொரு பேருக்கும் கதிரை கிடைத்துவிட்டது. கணினிதான் நான்கு.

"மத்த ஏழு பேரும் என்னங்க செய்வாங்க? கைய கட்டிக்கிட்டு ஜெபம் பண்றதா?" என்று கேட்டாள் டெல்சி.

றொக்சன் கதிரைகளை இன்னொரு முறை எண்ணினான். ஹட்டன் நகரில் இரும்புக் கடைக்கு மேலே ஓர் அறை, அதில் அவனும் மனைவி டெல்சியும். 'ஊருக்குப் போவோம்' கம்பெனி அவ்வளவுதான். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் கூட்டாக வேன் பிடித்து வீடு வந்து சேர ஒரு செயலி. தீபாவளிக்கும் நத்தாருக்கும் பிய்த்துக்கொண்டு போகும். மற்ற மாதங்களில் அதைத் திறந்து பார்ப்பவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் இந்த அறையில்தான் இருந்தார்கள்.

சந்தை விழுந்து கிடந்த நேரம் அது. ஸ்டார்ட்டப் என்றால் முன்பு வாசலுக்கே வந்து கைகொடுத்த கொழும்புக்காரர்கள், இப்போது மழைக்கு ஒதுங்க வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். இன்றைய காரியமும் சரிவராவிட்டால் அறையைப் பூட்டிவிட்டு, டெல்சியை அவள் அம்மாவின் தோட்டத்து லய வீட்டில் விட்டுவிட்டு, மச்சானின் கொழும்புப் புடைவைக் கடையில் துணி மடிக்கப் போக வேண்டியதுதான். ஊருக்கு ஆள் கூட்டிவரச் செயலி செய்தவன், ஊருக்கு வர அதே செயலியில் இடம் பிடிக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் முத்துலிங்கம் தொலைபேசியில் அழைத்திருந்தார். கொழும்பில் கண்ணாடிக் கட்டடத்தில் மென்பொருள் கம்பெனி நடத்துபவர். அவருடைய படத்தைப் பார்த்தாலே றொக்சன் எழுந்து நிற்பான்.

"எங்கட ரெண்டு கம்பெனியும் ஒண்டாகிறதப் பத்தி நேர்ல வந்து பேசுறன் தம்பி" என்றார் அவர்.

பாம்பும் தவளையும் எப்படி ஒன்றாகும் என்று றொக்சனுக்குத் தெரியும். தவளை குளித்து, தலை சீவி, தயாராகத்தான் இருந்தது. ஆனால் அவர் அடுத்து, "எத்தின பேர் வேலை செய்றாங்க?" என்று கேட்டுவிட்டார். பிரமிப்பில் நாக்கு, "ஒரு பத்துப் பன்னெண்டு பேர் சேர்" என்றது.

சுத்தமாக உடுத்தி, வரிசையாக உட்கார்ந்து, கை காட்டும்வரை வாயைத் திறக்காத பதினொரு பேருக்கு அவன் எங்கே போவான்? மாதா கோயிலில் பாடும் கொயருக்குத்தான் போனான்.

"பொய் சொல்லச் சொன்னா மாட்டோம். உக்காரச் சொன்னா உக்காருறோம்" என்றார் கொயரை நடத்தும் யூஜினா டீச்சர்.

இப்போது கணினிப் பிரச்சினை. பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் நண்பன் கிஷாந்த், உயிர்போன ஏழு திரைகளையும் விசைப்பலகைகளையும் தூக்கி வந்து கொடுத்தான். றொக்சன் திரைகளின் முதுகு வாசலைப் பார்க்க அடுக்கினான்.

"டீச்சர், என்ன நடந்தாலும் டைப் பண்றத மட்டும் நிப்பாட்டாதீங்க."

மழையும் பனியுமாக இருண்டு கிடந்த மதியத்தில் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நோர்வூட்டில் பிறந்து கொழும்பில் பிழைக்கும் செல்லசாமி. அவர் கதவைத் திறக்க, முத்துலிங்கம் இறங்கினார். அந்தக் கோட்டைப் பார்த்ததும் றொக்சன் தன் சேர்ட்டுக்காக மன்னிப்புக் கேட்கத் தயாரானான்.

முத்துலிங்கம் அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இவ்வளவு பேரா?" என்றார், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

"இன்னிக்கி கொஞ்சப் பேர் லீவுங்க சேர்."

அவர் பூனைபோல நடந்து மேசைகளைச் சுற்றத் தொடங்கினார். இன்னும் மூன்று எட்டு வைத்தால் ஏழு கறுப்புத் திரைகளும் தெரிந்துவிடும். றொக்சன் டெல்சிக்குக் கண் காட்டினான். அவள் மெயின் சுவிட்சை இறக்கினாள். அறை இருண்டது. எல்லாத் திரையும் ஒரே சாதியாயின.

தப்பித்தோம் என்று மூச்சு விட்டவனின் காதில் சடசடவென்று சத்தம் விழுந்தது. சொன்ன சொல் தவறாத பதினொரு பேரும் செத்த கணினிகளில் டைப் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"கரண்ட் இல்லாமலா வேலை செய்றாங்க?" என்று கிசுகிசுத்தார் முத்துலிங்கம்.

"மனசுல இருக்கிறத மறந்துடக் கூடாதுல்லங்க சேர். கரண்டு வந்ததும் திரும்ப அடிச்சிருவாங்க."

சொன்ன பிறகு அவனுக்கே கூசியது. ஆனால் முத்துலிங்கம் தலையை ஆட்டினார். இன்னும் ஏதாவது கேட்பாரோ என்று றொக்சன் பயந்து நின்றபோது, யூஜினா டீச்சர் எழுந்தார். கோயிலில் விளக்குப் போனால் சனம் பதறாமலிருக்கப் பாடத் தொடங்குவது அவர் வழக்கம். கை உயர்ந்தது.

நான்கு குரல் வகையும் ஒன்றாகக் கிளம்பின. தகரக் கூரையில் விழுந்த மழைகூடச் சற்றுத் தணிந்து கேட்டதுபோல இருந்தது. ஞாயிறுதோறும் கேட்ட பாட்டுத்தான். ஆனால் இந்த இருட்டில், இந்தச் சிறிய அறைக்குள், அது மலை எழும்பி வருவதுபோல வந்தது. இவ்வளவு பெரிய ஒன்று தன் பொய்க்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்று றொக்சன் ரோமம் சிலிர்க்க நின்றான். டெல்சி சுவிட்சை மறந்து நின்றாள்.

பாட்டு முடிந்ததும் முத்துலிங்கம் மூக்கை உறிஞ்சினார்.

"இது... என்ன தம்பி?"

"கம்பெனிப் பாட்டுங்க சேர்."

"என்ட ஆபீசில ஒருத்தனும் குட் மோர்னிங்கூடச் சொல்ல மாட்டான்" என்று கண்ணைத் துடைத்தவர், அவனைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப்போனார். "தம்பி, உங்கட கம்பெனிக்கு என்ன மதிப்புப் போட்டிருக்கிறீங்க?"

இருபது லட்சம். காலையிலிருந்து டெல்சி சொல்லிக்கொடுத்தது. ஆனால் பாட்டு இன்னும் அவன் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"இருவது கோடி சேர்."

முத்துலிங்கம் படிக்கட்டின் கைப்பிடியை எட்டிப் பிடித்தார்.

"நியாயந்தான்" என்றார் மெல்ல. பிறகு இறங்கிப் போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்னங்க சொன்னீங்க அவருகிட்ட?" என்று டெல்சி ஓடி வந்தாள்.

"கோடின்னு வந்துருச்சு."

"ஐயோ, ஓடுங்க. ஓடிப்போயி கொறைங்க."

மழையில் ஓடினான். கார்க் கண்ணாடிக்குப் பின்னால் முத்துலிங்கம் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே குடைக்குள் செல்லசாமி.

"அண்ணே, சேருகிட்ட கொஞ்சம் சொல்லுங்க. கோடியெல்லாம் வேணாம். இருவது லட்சம். சரி, பத்து. அதுவும் கஷ்டம்னா, எங்க ரெண்டு பேருக்கும் சம்பளம் மட்டும் குடுத்தாப் போதும்."

செல்லசாமி குடையை அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார்.

"கொறைக்காதீங்க தம்பி. அவரு கம்பெனிய நீங்க வாங்கிக்குவீங்களான்னு கேக்கத்தான் சேரு வந்தாரு. இப்ப இவ்வளவு பெரிய எடத்துல எப்புடி வாயத் தொறக்குறதுன்னு உள்ள உக்காந்து கூச்சப்பட்டுக்கிட்டு இருக்காரு."