பஃப் கையும் பின் பொத்தானும்

தொழிலில் போட்டிக்காரன் இருந்தால் புத்தி கூர்மையாகும் என்பார்கள். சுத்தப் பொய். எனக்கிருந்த கொஞ்சநஞ்சப் புத்தியும் போட்டியில்தான் போனது. அதிலும் போட்டிக்காரன் சொந்த மாமன் மகனாகவும் எதிர்க்கடைக்காரனாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

யுத்தம் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் நடந்தது இது. நாமகிரிப்பேட்டைக் கடைவீதியில் இந்தப் பக்கம் என் தையல் கடை, அந்தப் பக்கம் பழனிச்சாமி கடை. எனக்கு இருபத்திரண்டு வயது. அவன் ஆறு மாதம் மூத்தவன். பெங்களூரில் தொழில் கற்றவன் என்று பலகையில் எழுதி வைத்திருந்தான். (போனது நிஜந்தான். பதினேழே நாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.)

அதுவரை எங்கள் பக்கத்தில் ரவிக்கை என்றால் முன்னால் முடிச்சுப் போடுவதுதான். பழனிச்சாமி முதுகுப் பக்கம் ஐந்து பொத்தான் வைத்தான். பெண்கள் அவன் கடையில் மொய்த்தார்கள். விடுவேனா? தோளில் உப்பி நிற்கும் பஃப் கை வைத்தேன். கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. அவன் என்னைவிடப் பெரிய பஃப் வைத்தான். நான் கூச்சமே இல்லாமல் அவனுடைய பின் பொத்தானைத் திருடி ஒன்பதாக வைத்தேன். ராத்தூக்கம் போனாலும் அந்த நாட்களில் எனக்கிருந்த உற்சாகம் பிறகு எப்போதும் இருந்ததில்லை.

இந்தச் சமயத்தில் புதுச்சத்திரத்துப் பண்ணையக்காரர் ஒருவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்தக் காலத்தில் பெண்களை நாங்கள் அளவெடுக்கக் கூடாது. பழைய ரவிக்கை ஒன்று அளவுக்கு வரும். அதைப் பார்த்துத் தைக்க வேண்டும். அவர் இரண்டு கடையிலும் ஓர் அளவு ரவிக்கையும் ரோஸ் கலரில் ‘வாயில்’ என்ற மெல்லிசுத் துணியும் கொடுத்தார்.

"ஆளுக்கு ஒண்ணு தெச்சு வெய்ங்க சாமி. சந்தையன்னைக்கு அம்மிணி வந்து பாக்கும். அதுக்குப் புடிச்ச கடைக்குத்தான் கல்யாணத் துணி அத்தனையும்."

அந்தப் பெண் மணவறையில் போடுவதைத்தான் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அடுத்த தைப் பொங்கலுக்குப் போடும். ஜெயித்தவன் டெய்லர். தோற்றவன் ஆடு மேய்க்கப் போகலாம்.

நான் தைத்த பஃப் ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு, முழங்கையைத் தாண்டி இறங்கும். ஆனால் வாயில் துணி நிற்க மாட்டேன் என்று தொங்கியது. ஆட்டையாம்பட்டித் தறிக்காரர் ஒருவரிடம் போய், தறியில் பாவு நூல் விறைக்கப் போடும் கஞ்சியை ஒரு குண்டான் வாங்கி வந்தேன். "கஞ்சி போட்ட கையோட எண்ணெ தொட்டுத் தேச்சுரோணுமுங்க. இல்லீன்னா கட்டையாப் போயிரும்" என்றார் அவர். சரிங்க என்றேன். துணியில் எண்ணெய்க் கறை பட்டால் பழனிச்சாமி சிரிப்பானே என்று எண்ணெயை மட்டும் விட்டுவிட்டேன்.

சந்தை நாள் காலை. கொடியில் போட்டால் பஃப் அமுங்கும், பானைக்கு மாட்டினால் கோணும். நான் அப்போது முருங்கைக்காய் மாதிரி இருப்பேன். கதவைச் சாத்திக்கொண்டு ரவிக்கையை நானே போட்டுக்கொண்டேன். (சிரிக்க வேண்டாம். தொழில்.) முதுகுக்குக் கையை வளைத்து ஒன்பது பொத்தானையும் போட்டேன். வலது கையால் இடது பஃபுக்கும் இடது கையால் வலது பஃபுக்கும் மூன்று பூச்சுக் கஞ்சி. பிறகு புழக்கடை வெயிலில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சோளக்கொல்லைப் பொம்மை போல நின்றேன்.

காய்ந்தது. ஆகா, என்ன காய்ச்சல்! தட்டினால் பலகை போலச் சத்தம். பழனிச்சாமி தொலைந்தான் என்று மனசு துள்ளியது. கழற்றலாம் என்று கையை மடக்கினேன். மடங்கவில்லை. முதுகை விடுங்கள், மூக்கைக்கூடத் தொட முடியவில்லை. கிழித்து வெளியே வரலாமென்றால் பெண் வீட்டுத் துணி; வேறு துண்டு கிடையாது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு எருமைக்குக் கஞ்சி வாசனை எட்டியது. வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வந்து, என் வலது பஃபை ஒரு நக்கு நக்கியது. ருசி பிடித்துவிட்டது. நான் வீட்டுக்குள் ஓடினேன். நிலைப்படியில் இரண்டு பஃபும் இடித்தன. பக்கவாட்டில் திரும்பி நுழைந்தால் பின்னாலேயே எருமையும் தலையை நீட்டியது; வாசல் தாழ்ப்பாளைப் பல்லால் இழுத்து, வீட்டு முன்கட்டிலிருந்த கடை வழியாக வீதியில் போய் விழுந்தேன்.

வீதியில் புதுச்சத்திரத்து வண்டி நின்றது. பண்ணையக்காரர், அவர் சம்சாரம், கல்யாணப் பெண். எதிரே பழனிச்சாமி. சந்தைக்கு வந்த ஊர் மொத்தம்.

"என்றா மாப்ள, உனக்கா கல்யாணம்?" என்றான் பழனிச்சாமி.

செத்துவிடலாம் போலிருந்தது. ஒருவரும் கிட்டே வரவில்லை. சிரிக்கவே நேரம் போதவில்லை. பழனிச்சாமியின் தங்கை பாவாயி மட்டும் வீதியைத் தாண்டி வந்தாள். அண்ணன் கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவள் அவள்தான்.

"திரும்புங்க மாமா" என்றாள்.

திரும்பினேன். ஊர் பார்க்க ஒன்பது பொத்தானையும் கழற்றினாள். "காஜாவ இத்தன இறுக்கமா எடுத்தா எவ கழட்டுவா?" என்று என் தொழிலுக்கும் ஒரு குட்டு வைத்தாள்.

கல்யாணப் பெண் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் சத்தமாகவே சொன்னார்: "ஏனுங்க, ஆம்பளைக்கே கழட்டறதுக்கு ஆளு வேண்டியிருக்குது. பஃப் கையும் வேண்டாம், பின்னால பொத்தானும் வேண்டாம். நாம ராசிபுரத்துல முடிச்சு ரவிக்கையே தெச்சுக்கலாம்."

வண்டி போய்விட்டது. பழனிச்சாமியின் சிரிப்பு அப்படியே நின்றது. என் மானத்தோடு அவன் பொத்தானும் போனதே என்று எனக்கு அந்த நிலையிலும் அடக்க முடியாத சந்தோஷம்.

கல்யாண வேலை இருவருக்கும் இல்லை. அடுத்து யுத்தம் வந்து துணிக்குத் தட்டுப்பாடு ஆனதும் பஃபும் ஒழிந்தது. ஆனால் சந்தை நடுவில் முறைப்பையன் முதுகைத் தொட்ட பெண்ணை வேறு எவனுக்குக் கொடுப்பது என்று மாமன் சந்தை நடந்த அந்த வருஷத்து ஐப்பசியிலேயே பாவாயியை எனக்குக் கட்டிவைத்தார். கல்யாண ரவிக்கையை அவளே தைத்துக்கொண்டாள். முன் முடிச்சு.

இன்றைக்கும் யாராவது வந்தால், இந்த ஜில்லாவுக்குப் பஃப் கை கொண்டுவந்தவனே நான்தான் என்று ஆரம்பிப்பேன். பாவாயி அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"திரும்புங்க மாமா" என்பாள். பேரன் பேத்தி வரைக்கும் சிரிக்கும். நானும் பழக்கதோஷத்தில் திரும்பிவிடுவேன்.