முன்பணம் ஆறு சொல்

தன்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும் என்பது பழைய ஃபிரிட்ஜ் வியாபாரியின் எண்ணம். அப்பேர்ப்பட்டவன் அன்று குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டு, போனையே பார்த்தபடி நின்றான்.

மகள் படிப்புக்குச் சேர்த்த மூன்று லட்சமும் அந்தப் போனுக்குள் கிரிப்டோ நாணயமாகக் கிடந்தது. காலையில் ஏதோ இணையக் குழுவில் ஒரு சந்தேகம் கேட்டுத் தொலைத்தான். மறுநிமிடமே ‘உதவி மையம்’ என்று ஒருவன் வந்தான். உங்கள் கணக்கில் கள்ளன் புகுந்துவிட்டான், பத்து நிமிடத்தில் பூட்டாவிட்டால் எல்லாம் போச்சு, பூட்டுவதற்கு அந்தப் பன்னிரண்டு ரகசியச் சொற்கள் வேண்டும் என்றான்.

கணக்குக்குச் சாவியே அந்தச் சொற்கள்தான். யாருக்கும் சொல்லாதே என்று கணக்குத் தொடங்கியபோதே கொட்டை எழுத்தில் வந்தது. முழுதாகத் தூக்கிக் கொடுக்க மனம் வரவில்லை. பேரம் பேசும் பழக்கம் விடுமா?

“ஆறு இப்போ தரேன். பூட்டினப்புறம் மீதி ஆறு” என்று அனுப்பினான்.

“சரி சார்” என்று உடனே பதில் வந்தது.

பேரம் சட்டென்று படிந்தால் அது திருட்டுச் சரக்கு என்று கடையில் நாளுக்கு நாலு தரம் சொல்பவனுக்கு அன்று உறைக்கவில்லை. பீரோக் கதவின் உள்ளே ஒட்டியிருந்த தாளைக் கிழித்து வந்திருந்தான். ஆங்கில எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. எழுத்தெழுத்தாகப் பார்த்து ஆறு சொல் தட்டினான். இன்னும் மூன்று நிமிடம் என்றது போன். இரண்டு என்றது. உள்ளே உயிரோடுதான் இருக்கிறீர்களா என்று மனைவி கதவைத் தட்டினாள். மீதி ஆறையும் அனுப்பிவிட்டான்.

குழாய் சொட்டியது. ஒவ்வொரு சொட்டும் மகளின் ஒரு வருஷப் படிப்பு.

அப்புறம் பதில் வந்தது.

“யோவ், சோப்பு, சர்க்கரை, வெங்காயம்னு மளிகை லிஸ்ட்டை அனுப்பியிருக்க. திருடன்னா அவ்வளவு இளக்காரமா?”

கதவைத் திறந்தால் எதிரே மனைவி, அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தபடி.

“நீங்க ரகசியத் தாளை பீரோவுல ஒட்டின அன்னைக்கே எடுத்துட்டு மளிகை லிஸ்ட்டை ஒட்டிட்டேன். சாவியை யாராவது பூட்டுலயே தொங்கவிடுவாங்களா?”

போன உயிர் திரும்பியது. உயிரோடு கோபமும், கோபத்தோடு வியாபாரமும் வந்தன. நிஜத் தாளைக் கொடு என்றான். தலையாட்டி மறுத்தாள். ஆறு சொல்லாவது கொடு என்றான். மூன்று என்று இறங்கினான். கடைசியில் ஒன்றே ஒன்று என்று கெஞ்சினான்.

அவள் அவன் கையிலிருந்த தாளை வாங்கி, கசங்கலை நீவி, ஒரு பையோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“இதுல இருக்கற பன்னிரண்டும் வேணும். பேரம் பேசாம வாங்கிட்டு வாங்க.”