பதினாலாம் மாடி மூலை வீட்டுக்கு ஒரு நற்சான்று

பார்மா, கிளீவ்லாந்து
மார்ச் 11, செவ்வாய்க்கிழமை

கார்வர் கட்டட வாடகை அலுவலக மேலாளர் செல்வி கோர்ட்னி வோய்ட் அவர்களுக்கு, நார்பர்ட் சிபுலா மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தாங்களும், வீட்டைச் சுற்றிக்காட்டிய அன்று தங்கள் கையிடுக்கில் இருந்த நாய்க்குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் மனைவி பெர்னடெட்டும் சுகம். அவளுடைய முழங்கால் மட்டும் சுகமில்லை.

1407-ஆம் எண் வீட்டுக்கு விண்ணப்பித்திருக்கும் திரு. ஆர்லன் டட்டில் நற்சான்றுக்கு என் பெயரைக் கொடுத்திருப்பதாகப் படிவம் அனுப்பியிருந்தீர்கள். அதே வீட்டுக்கு அதே நாளில் விண்ணப்பித்த நானும் அவர் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். உறவினராக இருக்கக் கூடாது, ஐந்து வருடத்துக்கு மேல் தெரிந்திருக்க வேண்டும் என்பது உங்கள் நிபந்தனை. எங்கள் வயதில் அப்படிப்பட்டவர்கள் ஒன்று செத்துப்போய்விட்டார்கள், இல்லை ஃபுளோரிடா போய்விட்டார்கள். இரண்டு நற்சான்றையும் பார்த்துத்தான் வீடு யாருக்கு என்று முடிவு செய்வேன் என்றீர்கள். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். படிவத்தில் நான்கு வரிதான் இடம் இருந்தது, ஆகவே தனித்தாள்.

ஆர்லனை எனக்கு முப்பத்துமூன்று வருடமாகத் தெரியும். நேர்மையானவர். சுத்தமானவர். குடி அளவோடு. இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் அந்த மூலை வீடு இருக்கிறதே, அது வீடாக இல்லாமல் காப்பீட்டு அலுவலகமாக இருந்த காலத்தில் வட்டார மேலாளரின் அறை அது, 1994-இல் அந்த நாற்காலி காலியானபோது அது எனக்குத்தான் என்று தளமே பேசிக்கொண்டது, தொப்பி மாட்ட எந்தச் சுவரில் ஆணி அடிப்பது என்றுகூட நான் பார்த்து வைத்திருந்தேன், கடைசியில் ஆர்லன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் மேசை வெளியே, தூணுக்குப் பக்கத்தில். பத்தொன்பது வருடம் கண்ணாடிக் கதவு வழியாக அவர் முதுகையும் அதற்கு அந்தப் பக்கம் ஏரியையும் பார்த்தேன். அவர் ஏரியை மட்டும் பார்த்தார்.

பொறாமை என்று நினைப்பீர்கள். ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது அம்மா, எழுபது வயதில் எதற்கு மறைக்க வேண்டும்? அவர் அக்கார்டியன் பெட்டி வாசிப்பார், பாதி சுரம் தப்பு, ஜனங்கள் எழுந்து ஆடுகிறார்கள். நான் ஒரு சுரம் பிசகாமல் வாசிப்பேன், வீட்டுக்குக் கிளம்பக் கோட்டை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே ஓட்டைப் படகில் மீன் பிடிக்கப் போவோம், ஏரியில் இருக்கிற மீனெல்லாம் ஏதோ கூடிப் பேசி முடிவு செய்த மாதிரி அவர் தூண்டிலுக்கே போகும். அன்று வீடு பார்க்க வந்தபோது நடந்தது உங்களுக்கே தெரியும். ஆர்லன் படுக்கையறை நடுவில் நின்று, "இங்கதாம்மா என் மேசை இருந்துச்சு" என்றார். நீங்கள் நெஞ்சில் கைவைத்து, "ஐயோ, நெஜமாவா! எவ்ளோ அழகா இருக்கு கேட்க!" என்றீர்கள். படம்கூட எடுத்தீர்கள். நானும் விடவில்லை, "என் மேசை இதோ இங்க" என்று காட்டினேன். நீங்கள் திரும்பிப் பார்த்து, "ஓ, அங்க இப்ப துணி தோய்க்கிற மெஷின் வருது சார்" என்றீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் கீழே வருகிற வரைக்கும் லிஃப்டில் ஆர்லன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது தப்பு.

"டேய் நார்பர்ட், இருபது வருஷமா அங்க உக்கார்ந்து ஆபீஸ் அழுக்கைத்தானே வெளுத்தே, எடம் பொருத்தமாத்தான் அமைஞ்சிருக்கு" என்று வேறு சொன்னார்.

அவர் தனி ஆள். அவர் மனைவி ரமோனா போய் இரண்டு வருடமாகிறது. தனி மனிதனுக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் எதற்கு? பக்கத்து 1405-இல் படுக்கையறைக்கு ஜன்னலே இல்லை, பழைய கோப்பு அறை அது, அவருக்கு அதைக் கொடுங்கள். பெர்னடெட்டின் நிலைமை வேறு. எங்கள் வீட்டில் துணி தோய்க்க நிலவறைக்குப் பதின்மூன்று படி இறங்க வேண்டும், படுக்க மாடிக்குப் பதினைந்து படி ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் அவள் "அம்மா" என்பதை நான் கீழே நின்று கேட்கிறேன். இந்தக் கோடைக்குள் படியில்லாத வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மேலும் ஆர்லன் வெள்ளிக்கிழமை தவறாமல் மீன் பொரிப்பார். வாடை பன்னிரண்டாம் மாடி வரை இறங்கும். குறட்டை விடுவார். அந்த அறையிலேயே மத்தியானம் மூன்று மணிக்கு விட்ட குறட்டைக்கு நானே சாட்சி, வாடிக்கையாளர் கேட்டபோது குளிர்சாதனம் என்று பொய் சொன்னதும் நானே. இதை எழுதும்போது பின்னால் வந்து நின்ற பெர்னடெட், "இதுக்குப் பேரு நற்சான்றா? உனக்கு வெக்கமா இல்லே? ரமோனா சாவுக்கு அந்த மனுஷன் தோளைப் பிடிச்சுட்டு அழுதது நீதானே?" என்கிறாள். அது வேறு, இது வேறு என்றேன். அவள் படியேறிவிட்டாள்.

ஆகவே திரு. டட்டில் எல்லா வகையிலும் உத்தமர், 1407-க்கு மட்டும் தகுதியில்லாதவர் என்று உறுதி கூறுகிறேன். தங்கள் குடும்பத்துக்கும் நாய்க்குட்டிக்கும் ஈஸ்டர் நல்லபடியாக வந்து போகட்டும். லிஃப்ட் எண் மூன்று ஏழாவது மாடியில் சிக்கினால் கதவின் வலது கீழ் மூலையில் ஒரு உதை விடுங்கள், திறந்துகொள்ளும்.

தங்கள் உண்மையுள்ள,
நார்பர்ட் சிபுலா

பின்குறிப்பு: இன்று புதன்கிழமை. கடிதத்தை ஒட்டுவதற்குள் மத்தியானம் ஆர்லனே வந்துவிட்டார். பெர்னடெட் வைத்த பிரோகி கொழுக்கட்டையில் ஆறைத் தின்றுவிட்டு, எனக்காக அவர் நேற்று உங்களுக்கு அனுப்பிய நற்சான்றின் நகலை மேசைமேல் வைத்தார். உங்களிடம் அது வந்திருக்கும். 'அந்த அறை 1994-லேயே நார்பர்ட்டுக்குப் போயிருக்க வேண்டியது. அறிக்கையெல்லாம் எழுதியது அவன், மேலிடத்தில் நின்று வாசித்தது மட்டும் நான். இதை அவனிடம் சொல்ல எனக்கு இத்தனை வருடம் வாய் வரவில்லை. என் விண்ணப்பத்தை இன்றோடு விலக்கிக்கொள்கிறேன்.' படித்ததும் பெர்னடெட் அழுதாள். நான் அழவில்லை, சமையலறையில் வெங்காயம் கிடந்தது.

"ஏண்டா இப்படிப் பண்ணே?" என்றேன்.

"ஜன்னல் ஓரமா உக்கார்ந்து யாருகிட்டடா பேசப்போறேன்? நீ வச்சுக்கோ" என்றார்.

பார்த்தீர்களா அம்மா? பெருந்தன்மையில்கூட என்னை முந்திவிட்டான் பாவி! இதை என்னால் தாங்க முடியாது. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள். 1407 அவனுக்கே. எங்களுக்கு 1405 போதும், "எனக்குப் படிதான் வேணாம், ஜன்னல் இல்லாட்டி என்ன, அவன் வீட்டு ஜன்னல்ல போய் உக்கார்ந்துட்டாப் போச்சு" என்று பெர்னடெட் சொல்லிவிட்டாள். 1407 விண்ணப்பத்திலிருந்து நான் விலகிக்கொள்கிறேன். ஒரே ஒரு உபகாரம். அவன் விலகியது செவ்வாய்க்கிழமை. நான் விலகியதைத் திங்கட்கிழமை தேதியில் பதிந்துகொள்ளுங்கள், அப்போது அவன் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இருந்திருக்காது. கேட்டால், தபால் தாமதம் என்று சொல்லிவிடுங்கள்.