சிங்கியைப் பழுதுபார்த்த போட்டோகிராபர்

மின்னலை வீட்டுக்குள் கட்டிப்போட்டு வளர்த்தவர், எனக்குத் தெரிந்து மலேசியாவின் கெடா மாநிலத்திலேயே ஒருவர்தான். பீடோங்கில் எனக்கு அடுத்த வீட்டில் இருந்தார். மலாயில் மின்னலை கிலாட் என்பார்கள். அதனால் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் கிலாட் அண்ணன். யாராவது அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டினால், அவர் மனைவி சரோஜா அக்காவே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திறப்பார்.

தொழில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுவது. போட்டோவுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையை நன்றாகப் பார்க்கலாம் என்று மணவறைப் பக்கம் போய் நின்றிருக்கிறார். படம் எடுக்கிறவர், "அங்கிள், லைட்ட மறைக்கிறீங்க, தள்ளுங்க லா" என்று சொல்லிவிட்டார். பின்னால் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் வழிவிட்டுப் பழக்கமில்லாத மனுசன். பொறுக்க முடியவில்லை.

"பெரிய லைட்டு! நானே வாங்குறேன் பாரு!"

வாங்கியே விட்டார். கல்யாண மண்டபத்தில் பளார் என்று முகத்தில் அறையுமே, அந்த விளக்கில் இரண்டு. கூடவே எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கக் கால்கள், ஒரு வெள்ளைக் குடை, யாரோ பயன்படுத்திய ஒரு கேமரா. ஒவ்வொரு தடவை மின்னிய பிறகும் அந்த விளக்கு 'பீப்' என்று ஒரு சத்தம் போடும். அடுத்த தடவை அறையத் தயார் என்று அர்த்தம்.

முதல் நாள் சாயங்காலம் அவர் வீட்டு ஜன்னலில் பத்துத் தடவை மின்னியது. எங்கள் வரிசையில் இருந்த அத்தனை பேரும் ஓடிப்போய்க் காயப்போட்ட துணியை எடுத்தோம்.

சரோஜா அக்கா வேலி ஓரமாக வந்து என்னிடம் சொன்னார்: "வீட்டுக்குள்ள கொடை விரிச்சிட்டு ஒக்காந்திருக்கிற மனுசன எங்கயாச்சும் பாத்திருக்கியா தம்பி?"

"அது மழைக்கு இல்லடி! வெளிச்சத்தப் பரப்புறதுக்கு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எல்லாம் யூடியூப் பார்த்துப் படித்ததுதான். அதில் பேசுவது ஆங்கிலம். அண்ணனுக்குப் பாதி புரியும், மீதியை அவரே சேர்த்துக்கொள்வார். அக்கா முகம் காட்ட மறுத்துவிட்டதால் அரிசி மூட்டை மேல் ஹெல்மெட்டை வைத்து ஒரு வாரம் படம் எடுத்தார். குடை தள்ளி இருந்தால் நிழல் கத்தி மாதிரி விழும், கிட்டே வந்தால் வெண்ணெய் மாதிரி கரையும் என்று கண்டுபிடித்தது அந்த ஹெல்மெட்டை வைத்துத்தான். ஆனால் ஹெல்மெட்டுக்கு மூக்கு இல்லை. மூக்கு நிழலைப் படிக்க ஒரு மனுசன் வேண்டும். அடுத்த வீட்டில் நான் இருந்தேன்.

எனக்கும் ஒரு படம் அவசரமாகத் தேவைப்பட்டது. அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தொழிற்சாலை வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். வேனில் பெண்கள் ஏறினால் முன்னால் இருக்கும் ரோட்டைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டேன். பெண்டாங்கில் இருக்கும் என் அக்கா, மெர்போக்கில் தையல் கடை வைத்திருக்கும் ஒருவரை எனக்குப் பேசியிருந்தார். அவர் பெயர் வசந்தா. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்கு என் படம் போய்ச் சேர வேண்டும்.

"ஐசி கார்டு படத்த அனுப்பித் தொலைக்காத. அதுல நீ புடிபட்ட திருடன் மாதிரி இருக்க. முன்ன ரெண்டு எடம் அதுலதான் போச்சு" என்று அக்கா போனிலேயே எச்சரித்திருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் கிலாட் அண்ணன் என் தோளில் ஓங்கித் தட்டினார். "மூணாவது எடம் போவாது. வா, கொடையிலேருந்து மூணாவது டைல்ஸ்ல நில்லு."

நின்றேன். பளார். பீப். படத்தைப் பார்த்தோம். என் முகத்தில் பாதி இருந்தது. மறு பாதி கறுப்பு, கதவை இழுத்துச் சாத்தினது மாதிரி. இன்னொன்று எடுத்தார். அதே பாதிதான்.

"பொண்ணு பாதிக்குச் சம்மதிச்சா போதுமா தம்பி?" என்றார் சரோஜா அக்கா.

அண்ணன் சுங்கைப்பட்டாணியில் கேமரா விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். "அண்ணே, அது சிங்க் பிராப்ளம் லா! சிங்க் சரியா இருந்தா படம் முழுசா வரும்!" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அண்ணன் மெதுவாகத் திரும்பி அடுப்படியைப் பார்த்தார். பாத்திரம் கழுவும் தொட்டியை நாங்கள் மலாயில் சொல்கிற மாதிரி சிங்கி என்றுதான் சொல்வோம். அவர் வீட்டுச் சிங்கி ஒழுகிக்கொண்டிருந்தது. விளக்குக்குக் கரண்டு எடுத்திருந்ததும் அதன் பக்கத்துச் சுவரிலிருந்துதான்.

"வெளங்கிடுச்சுடா! தண்ணி சொட்டி கரண்ட இழுக்குது. அதான் பாதி வெளிச்சம் அங்கயே போயிடுது!"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சனிக்கிழமை முழுக்கச் சிங்கி வேலை. அண்ணன் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு குழாயைக் கழற்றினார். நான் டார்ச் பிடித்தேன். அக்கா வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "ரெண்டு வருசமா கத்துறேன், காதுல விழல. ஒரு லைட்டு சொன்னதும் படுத்துட்டாரு பாரு!"

ஒரு சொட்டு ஒழுகவில்லை. பெருமையாக வந்து பொத்தானை அழுத்தினார். பளார். பீப். பாதி முகம்.

மறுபடி போன். இந்தத் தடவை இரைச்சல் இல்லை. கேமராவின் கதவு திறப்பதும் விளக்கு மின்னுவதும் ஒன்றாக நடப்பதற்குப் பெயர்தான் சிங்க். அண்ணன் கதவை ரொம்ப வேகமாக மூட வைத்திருக்கிறார், வேகத்தைக் குறைக்க வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் சரோஜா அக்கா சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பரவால்ல, சிங்கியும் கெட்டுத்தான கெடந்துச்சு" என்றார் அண்ணன், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

இப்போது முகம் முழுதாக வந்தது. கண்தான் மூடியிருந்தது. எடுத்த எல்லாப் படத்திலும். அவர் விரல் அசைவதைப் பார்த்தாலே என் இமை விழுந்துவிடும்.

"கண்ணத் தொறடா!"

"தொறந்துதாண்ணே இருக்கேன்."

"இது தொறந்ததா? பொணத்துக்கு மாலை போட்ட மாதிரி இருக்கு!"

வலிய விழித்தேன். பேயைக் கண்டவன் மாதிரி வந்தது. ஞாயிறு காலையும் ஆகிவிட்டது. பெண்டாங் அக்கா மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். "விடுங்கண்ணே, எனக்கு இதெல்லாம் அமையாது. ஐசி படத்தையே அனுப்பிடுறேன்" என்று எழுந்தேன்.

அண்ணன் கேமராவை அதன் காலில் மாட்டினார். கையைக் கைலிக்குள் செருகிக்கொண்டு குடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"சரி, ஒக்காரு. அந்தப் பொண்ணு என்ன தைக்குது?"

"ரவிக்கைண்ணே. பள்ளிக்கூட உடுப்பும் தைப்பாங்களாம்."

"ஆம்பள சட்டை?"

"தெரியலண்ணே."

"அப்ப நேர்ல போனதும் ஒரு சட்டைக்கு அளவெடுக்கச் சொல்லு. நீ பேசவே வேணாம். கைய மட்டும் தூக்கிட்டு நில்லு. கழுத்த அளக்க வரும்போது மட்டும் மயக்கம் போட்டு விழுந்துடாத, தையக்கூலி போயிடும்."

எனக்கு அந்தக் காட்சி அப்படியே கண்ணுக்குள் வந்தது. என்னை மறந்து சிரித்துவிட்டேன்.

பளார். பீப்.

கைலிக்குள் இருந்து கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் ரிமோட்.

படத்தில் இருந்த ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு பக்கமாகத் திரும்பி, பல் தெரிய, பயமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். சரோஜா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம தம்பியா இது?" என்று கேட்டார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

படம் போனது. சாயங்காலமே வரச் சொன்னார்கள். வசந்தா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "போட்டோவுல யாரப் பாத்து அப்படிச் சிரிக்கிறீங்க?"

"பக்கத்து வீட்டு அண்ணன" என்றேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவரைப் பற்றியே பேசினேன். ஒரு பெண்ணிடம் நான் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

அண்ணனும் சரோஜா அக்காவும் இப்போது ஜொகூரில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். அந்தப் படத்தை வசந்தா சட்டம் போட்டு எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் நான் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம், படத்தில் இல்லாத அண்ணன் முகம்தான் தெரிகிறது.