மாடும் நாயும், நடுவில் ஒரு பாதுகாப்புக்காரரும்

பாதுகாப்புக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் அவரைத் தெரியும். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கமாட்டார். அவசரத்துக்கு வெளியே போகும் கதவு எந்தப் பக்கம் என்று பார்ப்பார். பந்தியில் உட்கார்ந்தால் மேலே சுற்றும் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராமல் ஓர் இலை தள்ளி உட்காருவார். புதுமனைப் புகுவிழாவில் பால் பொங்கும்போது எல்லோரும் கும்பிட, இவர் மட்டும் அடுப்புக்குக் கீழே குனிந்து கேஸ் டியூபில் தேதியைத் தேடிக்கொண்டிருப்பார். பால் பொங்கியதா? அவருக்குத் தெரியாது. டியூப் காலாவதியாகிவிட்டது. அது தெரியும்.

இந்த இனம் எல்லா ஊரிலும் இருந்தாலும் எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கொஞ்சம் அடர்த்தியாக விளைகிறது. காரணம், தொழிற்சாலைகள். உருக்கிய இரும்பும் ஓடும் இயந்திரமும் இருக்கிற இடத்தில் இவர்கள் இல்லாவிட்டால் பலருக்குக் கை கால் மிஞ்சாது. அதை நான் கேலி செய்யமாட்டேன். வேலை முடிந்து ஹெல்மெட்டை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, மூளைக்கு இன்னொரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாரே, அவரைத்தான் சொல்கிறேன்.

ஊரார் பிள்ளையைச் சொல்வானேன்? என் தம்பி ஜெகனையே சொல்லிவிடுகிறேன். சண்டைக்கு வரமாட்டான். வந்தாலும் முதலில் கையுறை தேடுவான்.

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் ஜெகன் பாதுகாப்பு அதிகாரி. எங்கள் குடும்பத்தில் சட்டைப்பை மேல் பெயர் தைத்துப் போட்டுக்கொண்ட முதல் ஆள் அவன்தான். நான் எட்டாவதோடு நின்றேன். அவன் டிப்ளமா வரைக்கும் போனான். இன்றைக்கு அவன் விசில் ஊதினால் கிரேன் நிற்கிறது. அக்காவுக்குப் பெருமை இருக்காதா? இருக்கிறது. அதனால்தான் அவனைப் பற்றி எழுதும்போது ஒரு சொல்லும் கூடவோ குறையவோ போய்விடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

இந்த இனத்துக்கென்று சில வாசகங்கள் உண்டு. ‘விபத்து தானா வர்றதில்லக்கா, நாமதான் கூட்டிகினு வர்றோம்’ என்பான். பரணிலிருந்து நான் அண்டா எடுக்க ஏறினால், ‘ஏணியில மூணு எடத்துல பிடிமானம் இருக்கணும்’ என்று கீழே நின்று எண்ணுவான். ஏணியைப் பிடிக்கமாட்டான், எண்ணுவான். எல்லாவற்றுக்கும் மேலான வாசகம் ஒன்று இருக்கிறது, உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர்களுக்கு: ‘மேல இருக்கசொல்ல பெல்ட்ட கழட்டக்கூடாது. உசுரே போனாலும் கழட்டக்கூடாது.’ உயிர் போன பிறகு பெல்ட் எதற்கடா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அவன் பார்த்த பார்வையில், எனக்கு அபராதம் போட அவனுக்கு அதிகாரமில்லாமல் போனது தெய்வச் செயல் என்று தோன்றியது.

போன வருஷம் ஜெகன் ஒரு லேப்ரடார் நாய் வாங்கினான். பெயர் பிஸ்தா. மூன்றாவது மாடி வீட்டில் சோபாவில் வளர்கிற நாய். மாடு என்பதைப் பால் பாக்கெட்டாக மட்டுமே அறிந்த நாய். அதற்கு உடற்பயிற்சி வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் வாழ்க்கைப்பட்ட ஊர் பொதட்டூர்பேட்டை. எங்கள் நிலத்துக்குப் பின்னால் குன்றுகள். வேறென்ன வேண்டும்? மனைவி கல்பனாவையும், தன்கீழ் வேலை பார்க்கும் ஸ்டீபனையும், பிஸ்தாவையும் காரில் ஏற்றிக்கொண்டு ஞாயிறு காலையில் வந்து இறங்கினான். நாஷ்டாவைக்கூட அப்புறம் பார்க்கலாம் என்று என்னையும் கிளப்பினான்.

குன்றின் அடிவாரத்தில் எங்களை வரிசையாக நிறுத்தினான்.

‘நல்லா கவனிங்க. மேல மாடு மேயும். நம்மகூட நாய் இருக்குது. நமக்குத்தான் இது பிஸ்தா, மாட்டுக்கு இது ஓநாய். தாய் மாட்டுக்கும் கன்னுக்குட்டிக்கும் நடுவுல பூந்து போகக்கூடாது, தூரமா சுத்திகினு போகணும். நாய கிட்டயே வச்சிக்கணும். மாடு மொறைச்சா கத்தக்கூடாது, ஓடக்கூடாது, மெதுவா விலகிப் போயிடணும். அப்பவும் பாய்ஞ்சி வந்தா இன்னா செய்யணும்? ஸ்டீபன், நீ சொல்லு.’

‘ஜெபம் பண்ணணும் சார்.’

‘நாய் கயித்த உட்டுடணும்யா! மாடு வர்றது நாய்க்காக, உனக்காக இல்ல. உட்டா நாய் ஓடிப் பொழைச்சிக்கும், நீயும் பொழைச்சிப்ப. எல்லாரும் சொல்லுங்க, இன்னா செய்யணும்?’

‘கயித்த உட்டுடணும்’ என்று சேர்ந்து சொன்னோம். கல்பனா கொட்டாவியோடு சொன்னாள்.

நியாயமாகச் சொல்லவேண்டும்: அவன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. இந்த இனத்தின் விசேஷமே அதுதான். இவர்கள் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும். சொல்லும்போது தாங்கள் எதில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம் என்பதை மட்டும் பார்க்கமாட்டார்கள்.

ஜெகன் மாட்டிக்கொண்டு நின்றது ஒரு கொக்கியில். தொழிற்சாலையில் உயரத்தில் வேலை செய்கிறவர்கள் கீழே விழாமல் இருக்க இரும்புக் குழாயில் மாட்டிக்கொள்வார்களே, அந்தப் பெரிய கொக்கி. (சொந்தக் காசில் கடையில் வாங்கியது. தொழிற்சாலைச் சாமானை வீட்டுக்குக் கொண்டுவரும் பிள்ளையாக அவனை நாங்கள் வளர்க்கவில்லை.) நாய்க்கயிற்றின் ஒரு முனை பிஸ்தாவின் கழுத்தில், மறுமுனையில் இந்தக் கொக்கி, கொக்கி ஜெகனின் இடுப்புப் பெல்ட்டில்.

‘கையில பிடிச்சா வழுக்கும். மனுஷன் கைய நம்பவே கூடாது’ என்றான். ‘இதுல முன்னாடி ஒரு லாக்கு, பின்னாடி ஒரு லாக்கு, ரெண்டையும் ஒண்ணா அமுக்கினாதான் வாய் திறக்கும். இழுத்துகினு இருந்தா அதுவும் திறக்காது. அவ்ளோ சேஃப்டி.’

‘திறக்கணும்னா இன்னாங்க பண்ணுவீங்க?’ என்றாள் கல்பனா.

‘ஏன் திறக்கணும்?’ என்றான் ஜெகன்.

ஏறினோம். பாதி வழியில் மணியம்மாள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருக்காரி. நாயைப் பார்த்ததும் பாறை மேலிருந்து குரல் கொடுத்தாள்.

‘இன்னா நைனா, நாய்க்குக் காத்து வாங்கவா வந்தீங்க?’

‘மாட்ட கொஞ்சம் ஓரமா ஓட்டுங்கம்மா. கன்னு ஏதாச்சும் இருக்குதா?’

‘செவலை போட்டிருக்குது. அதோ மேல மேயுது பாரு. நீ பாட்டுக்குப் போ நைனா, எம்மாடு ஒண்ணும் பண்ணாது.’

‘எங்க பிஸ்தாவும் ஒண்ணும் பண்ணாது’ என்றான் ஜெகன்.

வாசகரே, இந்த உலகத்தில் கடித்த நாய்கள், முட்டிய மாடுகள், கீழே தள்ளிய குதிரைகள் எல்லாவற்றின் சொந்தக்காரர்களும் கடைசியாகச் சொன்ன வாக்கியம் எதுவென்று நினைக்கிறீர்கள்?

செவலை மேலே மேய்ந்தது உண்மை. அதனால் ஜெகன் விதிப்படி எங்களைக் கீழ்ப்பக்கமாகச் சுற்றி அழைத்துப் போனான். செவலையின் கன்று கீழ்ப்பக்கப் புதரின் நிழலில் படுத்திருந்ததும் உண்மை. அதை யாரும் கேட்கவில்லை, மணியம்மாளும் சொல்லவில்லை. பிஸ்தாதான் முதலில் கண்டுபிடித்தது. தன் வாழ்நாளில் முதன்முதலாகத் தன் உயரத்தில் ஒரு தோழனைக் கண்ட மகிழ்ச்சியில் வாலை ஆட்டிக்கொண்டு போய்க் கன்றின் மூக்கை நக்கியது.

கன்று ‘ம்மா’ என்றது. அம்மா வந்தாள்.

தலையைக் குனிந்து, மண்ணைக் கீறி, மூக்கால் சீறி, சரிவில் கல்லெல்லாம் உருளச் செவலை இறங்கி வந்தது. ‘யாரும் ஓடாதீங்க’ என்றான் ஜெகன். யாரும் ஓடவில்லை, பிஸ்தா ஒன்றைத் தவிர. அதுவும் எங்கே ஓடியது? ஆபத்து வந்தால் எல்லா நாயும் ஓடுகிற இடத்துக்கு. எசமானின் முதுகுக்குப் பின்னால்.

‘கயித்த உடு சார்!’ என்று கத்தினான் ஸ்டீபன்.

‘உடறேன்யா!’ என்றான் ஜெகன். இரண்டு கையாலும் அமுக்கினான். ஆனால் பிஸ்தா பின்னாலிருந்து உயிர்போக இழுத்துக்கொண்டிருந்தது. இழுத்துக்கொண்டிருந்தால் திறக்காது. அவ்வளவு சேஃப்டி. செவலை இந்தப் பக்கம் வர, பிஸ்தா அந்தப் பக்கம் போக, அதற்குள் கயிறு என் தம்பியின் கால்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. முதல் முட்டு தொடையில் விழுந்தது. மல்லாந்து விழுந்தான். செவலை அடுத்த முட்டுக்காக நாலடி பின்வாங்கித் தலையைக் குனிந்தது. கொம்பு இரண்டும் அவன் வயிற்றுக்கு நேராக இருந்தன.

அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘உடுடா, உடுடா’ என்று அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். கத்தக்கூடாது என்பது விதி.

கல்பனா கத்தவில்லை. ஒரே பாய்ச்சலில் போய்ப் புருஷன் இடுப்பில் கை வைத்தாள். கொக்கியைத் தொடவில்லை, நேராகப் பெல்ட்டையே கழற்றினாள். அவன் என்ன செய்தான் தெரியுமா? அவள் கையைப் பிடித்துக்கொண்டான்!

‘மேல இருக்கசொல்ல பெல்ட்ட கழட்டக்—’

‘கழட்டலன்னா மேலயே போய்ச் சேந்துடுவ, கைய எடுய்யா!’ என்றாள் கல்பனா. கல்யாணமான நாள்முதல் காப்பாற்றி வந்த ‘வாங்க போங்க’ அந்தக் குன்றிலேயே தங்கிவிட்டது. ஒரு உருவு உருவினாள். பெல்ட் வந்தது. பெல்ட்டும் கொக்கியும் பின்னால் கல்லில் மோதிக் கணகணவென்று ஒலிக்க, பிஸ்தா சரிவில் பறந்தது. செவலை என் தம்பியைத் தாண்டி அதன் பின்னால் ஓடியது. கொஞ்ச தூரம் போய் நின்றது. திரும்பி வந்து கன்றை நக்க ஆரம்பித்தது. நாங்கள் அங்கே இருந்ததையே அது மறந்துவிட்டது.

மாடு வருவது நாய்க்காக. அவன் சொன்னது எவ்வளவு சரி, பாருங்கள்!

மணியம்மாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். ‘பாத்தியா நைனா, நான்தான் சொன்னேன்ல, எம்மாடு ஒண்ணும் பண்ணாதுன்னு.’

ஜெகன் தரையில் உட்கார்ந்து பேன்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். நிறைய பை வைத்த தொளதொளப் பேன்ட். பெல்ட் இல்லாமல் அதற்குச் சொந்தமாக நிற்கத் தெரியாது. ‘எங்க பிஸ்தாவும் ஒண்ணும் பண்ணல’ என்றான் விட்டுக்கொடுக்காமல்.

இறங்கும்போது ஒரு செங்குத்தான பாறை. ‘சார், மூணு எடத்துல பிடிமானம் இருக்கணும் சார்’ என்றான் ஸ்டீபன்.

‘ஒரு கை பேன்ட்டுக்கு வேணும்யா. பேஜாரு பண்ணாம வா.’

வீட்டு வாசலில் பிஸ்தா, கோழிக்கு வைத்த நொய்யைத் தின்றுகொண்டிருந்தது. பின்னால் பெல்ட். பெல்ட்டில் கொக்கி. அது இன்னும் திறக்கவில்லை. ஜெகனின் தொடையில் கத்திரிக்காய் நிறத்தில் கன்றியிருந்ததைப் பார்த்த டாக்டர், ‘இன்னும் கொஞ்சம் மேல பட்டிருந்தா...’ என்று ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் வேலை தொடங்குமுன் ஜெகன் வழக்கம்போல் எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பேசினானாம். ஸ்டீபன்தான் போனில் சொன்னான். ‘ஒருத்தன் நாய் கயித்த இடுப்புல கட்டிகினு மலைக்குப் போயிருக்கான். படிக்காதவன், பாவம்’ என்று நொண்டிக்கொண்டே சொன்னானாம்.

தொடை ஆறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தான். நாய்க்கயிறு கையில் தளர்வாக இருந்தது. விரலை விரித்தால் விழுந்துவிடும். திருந்திவிட்டான் என்று மகிழ்ந்தேன். பிறகுதான் இடுப்பைப் பார்த்தேன். இரண்டு பெல்ட்.

‘ஒண்ண உருவினாலும் இன்னொண்ணு இருக்கும்க்கா’ என்றான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், என் தம்பிதானே. ஆனால் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துவரும்போதே, நாய் வளர்க்கிற யாரோ ஒருவரின் முகம் உங்களுக்கு நினைவுக்கு வந்ததா? ‘அவருக்கு இதை அனுப்பி வைக்கவேண்டும், அவருக்குத்தான் இது தேவை’ என்று தோன்றியதா? அனுப்புங்கள், நல்ல காரியம். அனுப்புவதற்கு முன்னால் உங்கள் இடுப்பை மட்டும் ஒருமுறை தடவிப் பாருங்கள். இரும்பாக ஏதாவது தட்டுப்படுகிறதா?

இழுக்காதீர்கள். இழுத்தால் திறக்காது.